பன்னிரண்டாவது ஸ்க்ரூ

நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த கடையின் வாசலில் சென்ற மாதம் ஒரு புதிய பலகை வைத்தார்கள். மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. தமிழில் ஐந்தே சொற்கள்: "ஓடும் டிவியைக் கொடுங்கள். பெரியது எடுங்கள்." அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் மூன்று: "காரணம் சொல்லத் தேவையில்லை."

நான் பிரிக்பீல்ட்ஸிலேயே குடியிருப்பவன். காலையில் பசியாறப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அந்தப் பலகையைக் கடக்கிறேன். முதல் வாரத்தில் மட்டும் பதினான்கு முறை படித்துவிட்டேன். பதினான்கு முறையும் அந்த மூன்று சொற்களில்தான் கண் இடறியது. காரணம் தேவையில்லையாம்! முப்பத்து மூன்று வருடத்தில் இருபத்து நான்கு வருடம் நான் சம்பளம் வாங்கியதே காரணம் கேட்பதற்காகத்தான்.

இப்போது அந்தக் கவுண்டரைப் பார்த்துக்கொள்பவர் கவிதா. கிள்ளான் கிளையில் என்னோடு மூன்று வருடம் வேலை செய்தவர். போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், பணியாளர் மலருக்கு நீங்க எழுதித் தரணும். நீங்க எழுதலன்னா நான் எழுதுவேன். நான் எழுதினா அதுல நீங்க காமெடியனாத்தான் வருவீங்க." ஏன் இப்படி மிரட்டினார் என்பது கடைசியில் தெரியும். கவிதா எழுதினால் எண்ணிக்கையெல்லாம் தப்பாக இருக்கும் என்பதால் நானே எழுதுகிறேன்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துத் தொழிற்பள்ளியில் இரண்டு வருடம். செந்தூலில் ஒரு ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் ஏழு வருடம். பிறகு இந்தக் கடையின் பின்னறையில், ரிப்பேர் மேசையில் ஒன்பது வருடம். ஆக மொத்தம் பதினெட்டு வருடம் நான் டிவியின் முதுகை மட்டுமே பார்த்து வாழ்ந்தவன். அதன்பிறகு கிள்ளான் கிளையில், திருப்பிக் கொண்டுவரும் சாமான்களை வாங்கும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். மனிதர்களின் முகத்தை அங்கேதான் பார்க்க ஆரம்பித்தேன். டிவியின் முதுகே மேல் என்று பலமுறை தோன்றியதுண்டு.

அன்றைய விதி எளிமையானது. வாங்கிய ஏழு நாளுக்குள் பழுது கண்டால் மாற்றிக்கொள்ளலாம். அதே அளவு வேண்டாம் என்றால் வித்தியாசத்தைக் கட்டிவிட்டுப் பெரியதாக எடுத்துக்கொள்ளலாம். பழுது இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. ஆகவே பெரிய டிவி மேல் யாருக்கெல்லாம் ஆசை வந்ததோ, அவர்கள் வீட்டுச் சின்ன டிவிக்கெல்லாம் பழுது வந்தது.

எத்தனை விதமான பழுது! ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தேன். அறுபத்தொரு வகை சேர்ந்தது. பச்சை நிறம் கூடுதல். மாமியாருக்குத் தலை சுற்றுகிறது. செய்தி வாசிக்கிற பெண் முறைக்கிறாள். வாஸ்துப்படி இந்த டிவி தெற்கைப் பார்க்கக் கூடாது. (தெற்கைப் பார்ப்பது டிவியா, நீங்களா என்று கேட்டேன்.) பூச்சோங்கிலிருந்து வந்த ஒருவர், சத்தமே வரவில்லை என்று அடித்துச் சொன்னார். பிளக்கைச் செருகினேன். கடையே அதிரும்படி டிவி கத்தியது. கடைசியாக வீட்டில் அவர் வைத்திருந்த அளவு அது. மனிதர் அசரவில்லை. "அது boss, உங்களைப் பாத்துப் பயந்து கத்துது" என்றார்.

உலகக் கிண்ணப் பந்தாட்டம் முடிந்த மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே ஒன்பது டிவிகள் வரிசையில் நின்றன. ஒன்பதும் முந்தின இரவு வரை நன்றாக ஓடியவை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

இவர்களைச் சமாளிக்க நான் ஒரு படிவம் தயாரித்தேன். பதினான்கு வரி. மின்சாரம், படம், நிறம், சத்தம், ரிமோட், அட்டைப் பெட்டி, நுரை அட்டை என்று போகும். பதினான்காவது வரிதான் என் சொந்தக் கண்டுபிடிப்பு: பின்மூடி ஸ்க்ரூ எத்தனை? யாராவது பின்மூடியைத் திறந்திருந்தால் மாற்றமும் இல்லை, இலவச ரிப்பேரும் இல்லை. திறந்தவன் மறுபடி மூடும்போது ஒரு ஸ்க்ரூவாவது தொலைப்பான் என்பது என் அனுபவம். அதனால் எண்ணுவேன். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை.

படிவத்தில் இல்லாத பதினைந்தாவது சோதனை ஒன்றும் உண்டு. அது நம் ஆட்களுக்கு மட்டும். புது டிவி வீட்டுக்கு வந்ததும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவோம். திருப்பிக் கொடுக்கக் கொண்டுவரும்போது துடைத்துவிடுவார்கள். ஆனால் குங்குமம் அவ்வளவு லேசில் போகாது. ஒலிபெருக்கித் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். "வாங்கின நாள்லேர்ந்து ஓடவே இல்ல" என்று ஒருவர் சொல்லும்போது நான் மூலையில் விரலை வைத்துப் பார்ப்பேன். சிவந்தால் முடிந்தது. ஓடாத சாமானுக்கு யார் பொட்டு வைப்பார்கள்?

எங்கள் கிளை மேலாளர் மேடம் லியோங்குக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதிலிருந்து அவரும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துளைகளைத் துழாவிப் பார்ப்பார். சிவந்த குச்சியை என்னிடம் நீட்டி, "உங்க சாமி என் பக்கம்" என்பார்.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாலடி பத்து அங்குலம். எப்போதும் கையில் ஒரு பிளாஸ்க், அதில் செவ்வந்திப் பூத் தேநீர். இருபது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் பொய் சொல்கிறாய் என்று அவர் சொன்னதும் இல்லை. வாடிக்கையாளர் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டால், உள்ளேயிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். அவர்கள் கொண்டுவந்த டிவியை ஓடவிட்டு, எதிரே அந்த நாற்காலியைப் போட்டு, "டுடோக் டுலு லா" என்பார். மலாயில், முதலில் உட்காருங்கள் என்று அர்த்தம். தானும் பக்கத்தில் நின்றுகொள்வார். இரண்டு பேருமாக டிவி பார்ப்பார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார். தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுப்பார்.

நன்றாக ஓடுகிற டிவியை, அது ஓடவில்லை என்று சொன்னவன், எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன். சராசரி ஏழு நிமிடம். எட்டாவது நிமிடத்தில் நெளிவார்கள். அப்போது மேடம் மெதுவாகக் கேட்பார்: "டிவி ஓகே. எது ஓகே இல்ல?"

அவ்வளவுதான். மச்சான் பெரியது வாங்கிவிட்டான், மனைவி பேச மாட்டேன் என்கிறாள், தீபாவளிக்கு ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் வெளியே வரும். பெரும்பாலும் டிவியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போய்விடுவார்கள். மாதம் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பழுதில்லாத டிவியையும் தன் பொறுப்பில் மாற்றிக் கொடுக்க மேடத்துக்கு அதிகாரம் இருந்தது. அதற்கு முதல் நிபந்தனை என் பதினான்கு வரியும் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தச் சலுகையை அவர் யாருக்குக் கொடுப்பார், எதற்குக் கொடுப்பார் என்று நான் கணிக்க முயன்று தோற்றுப் போயிருக்கிறேன்.

இனி தங்கவேலு விஷயம். பதினாறு வருடத்துக்கு முன்னால் நடந்தது. கவுண்டரில் நான் எழுதியவற்றில் என்னைத் தூங்கவிடாதது இந்த ஒன்றுதான்.

தங்கவேலு துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். என் வயதுதான் இருக்கும், ஐம்பதை நெருங்கியவர். ஒரு திங்கட்கிழமை எங்களிடம் முப்பத்திரண்டு அங்குல டிவி வாங்கினார். வியாழக்கிழமை, அதாவது நான்காவது நாள், பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், படம் வரல."

பிளக்கைச் செருகினேன். திரையில் யாரோ ஓர் அம்மாள் மீன் கறி வைத்துக்கொண்டிருந்தார். கறியில் மிதந்த எண்ணெய் வரை தெரிந்தது.

"அண்ணே, படம் வருதே."

"வீட்ல வரல சார்."

பதினான்கு வரியும் பார்த்தேன். ஸ்க்ரூ பன்னிரண்டு. மேலிருந்தும் பன்னிரண்டு, கீழிருந்தும் பன்னிரண்டு. பிறகு வலது மூலையில் விரலை வைத்தேன். சிவந்தது. விரலை அவருக்குக் காட்டினேன். அவருக்கு மட்டுமல்ல, வரிசையில் நின்ற நான்கு பேருக்கும் தெரியும்படி காட்டினேன். அந்த நாளில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

"படம் வராத டிவிக்கா அண்ணே பொட்டு வச்சீங்க?"

நான்கு பேரும் சிரித்தார்கள். தங்கவேலு கொஞ்சம் யோசித்து, "பொட்டு வச்சதுக்கப்புறம்தான் சார் போச்சு" என்றார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. எனக்கு அது தெரிந்தது. ஆனால் அதற்குப் படிவத்தில் வரி இல்லை.

மேடம் அன்று பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நாற்காலி போட ஆள் இல்லை. நானே தீர்ப்புச் சொன்னேன்.

"நல்லா ஓடற டிவிய மாத்த முடியாதுண்ணே. பழுது இருந்தா மட்டும்தான்."

"பழுது இருந்தா மாத்திடுவீங்களா சார்?"

"ஏழு நாளைக்குள்ள கொண்டு வந்தா மாத்திடுவேன். உங்களுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு." விரல் விட்டு வேறு காட்டினேன். வெள்ளி, சனி, ஞாயிறு.

அவர் என் மூன்று விரல்களையும் கவனமாகப் பார்த்தார். தலையாட்டினார். டிவியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மதியம் வந்தார். இம்முறை மனைவி கமலாவும் கூட வந்திருந்தார். தங்கவேலு முகத்தில் பரீட்சையில் தேறிவிட்டவரின் களை.

"இப்ப போடுங்க சார்."

போட்டேன். சத்தம் வந்தது. திரை வெளிறி வெளிச்சமாக இருந்தது. படம் மட்டும் இல்லை. வெறும் சாம்பல் நிறம். சேனல் மாற்றினேன், வேறு சத்தம், அதே சாம்பல்.

"பாத்தீங்களா? உண்மையிலேயே படம் வரல!"

அந்த 'உண்மையிலேயே'வைக் கேட்டதும் டிவியைத் திருப்பி, மேலிருந்து கீழாக எண்ணினேன். பதினொன்று. கீழிருந்து மேலாக, பதினொன்று. மூன்றாவது முறையும் எண்ணினேன். வாழ்க்கையில் ஓர் எண்ணிக்கை தப்பாகிப் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான். இடது பக்கம் அடியில் ஒரு துளை காலி. மீதிப் பதினொன்றின் தலையிலும் புதுக் கீறல்.

"அண்ணே, பின்னால திறந்தீங்களா?"

கமலா அக்கா கணவர் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"நேத்து என்னைக் கடைக்கு அனுப்பிட்டு இதத்தான் பண்ணியா?"

"பழுது இருந்தா மாத்துவோம்னு சார்தான் சொன்னாரு."

"திறந்த டிவிக்கு ஒண்ணுமே கிடையாதுண்ணே" என்றேன். "மாத்தவும் முடியாது. ரிப்பேரும் கிடையாது."

"அப்ப நாளைக்கு?" என்று கேட்டார் தங்கவேலு. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அப்போது எனக்குப் பின்னால் சிவப்பு நாற்காலியின் கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

மேடம் நாற்காலியைப் படம் இல்லாத டிவிக்கு எதிரே போட்டார். "டுடோக் டுலு லா." கமலா அக்காவுக்கு இன்னொரு நாற்காலி. தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மூன்று பேரும் அந்தச் சாம்பல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சமையல் போட்டி போலிருக்கிறது. யாரோ வெங்காயம் வதக்கும் சத்தம், யாரோ கை தட்டும் சத்தம். அந்த வழியாகப் போன ஒருவர் நின்று, "என்ன படம் அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏழு நிமிடம் ஆகவில்லை. நான்காவது நிமிடத்தில் மேடமே கேட்டார். வியாழக்கிழமை நடந்ததை நான் முன்பே சொல்லியிருந்ததால், வழக்கமான கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்.

"இன்னிக்கி டிவி ஓகே இல்ல. வியாழக்கிழமை டிவி ஓகே. அன்னிக்கி எது ஓகே இல்ல?"

தங்கவேலு சொன்னார். மகளுக்கு வரன் வந்திருக்கிறது. மகள் பாலர் பள்ளி ஆசிரியை. பையனும் நல்ல பையன், இருவருக்கும் பிடித்திருக்கிறது. புதன்கிழமை பையனின் அத்தை சும்மா ஒரு நடை வந்தார். அந்த அம்மாள் வருகிறார் என்றுதான் திங்கட்கிழமை புது டிவியே வாங்கியது. வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து, புது டிவியைப் பார்த்து, "ஓ, ரூம்ல வைக்கிற டிவிய ஹால்ல வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாராம். நாளை ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் பேசி முடிக்க வருகிறார்கள். அந்த அத்தையும் வருகிறார்.

"பொண்ணு மூஞ்சி வாடிப் போச்சு சார். அத நான் பாத்தேன்" என்றார் தங்கவேலு. "முன்னாடி சின்ன டிவி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

"அந்த அத்தைக்குப் பெரிய டிவி வாங்கி வச்சா, வாய் சின்னதாயிடுமா?" என்றார் கமலா அக்கா. கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் என்னைப் பின்னறைக்கு அழைத்தார். ஆங்கிலமும் மலாயும் கலந்து அவர் சொன்னது இதுதான்: "பழுது இருந்தால்தான் மாற்றுவோம் என்று நீ சொன்னாய். சொன்னதைச் சொன்னபடி செய்கிற வாடிக்கையாளரை நான் இத்தனை வருடத்தில் இன்றுதான் பார்க்கிறேன்." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "படிவம் உன்னுடையது. நீ எழுதுவதில் நான் கையெழுத்துப் போடுவேன். எதை எழுதினாலும்."

அந்த மாதத்துச் சலுகை இன்னும் கையில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

பதினொரு ஸ்க்ரூவையும் கழற்றினேன். உள்ளே திரைக்குப் போகிற பட்டை வயரை, பாவம், ஒன்றும் கிழியாமல், பூப்போல உருவி வைத்திருந்தார் மனிதர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கை. திரும்பச் செருகினேன். நான்கு நிமிட வேலை. படம் வந்தது. மறுபடி பதினொன்றையும் முடுக்கினேன். வெளியே போய், "அண்ணே, அந்த ஒரு ஸ்க்ரூ எங்க?" என்று கேட்டேன்.

"சோபாவுக்கு அடியில உருண்டு போச்சு சார். படுத்துத் தேடினேன். கிடைக்கல."

பதின்மூன்று வரியையும் எழுதினேன். ஒவ்வொன்றும் உண்மை. மின்சாரம் சரி. படம் சரி. சத்தம் சரி. பதினான்காவது வரியில் பேனா நின்றுவிட்டது. பதினொன்று என்று எழுதினால் அந்த மனிதருக்கு ஒன்றுமே கிடையாது. வேறு ஒரு ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கியிருக்கலாமே என்பீர்கள். அந்த மாடலின் ஸ்க்ரூ கறுப்புத் தலை, தனி அளவு. அன்று எங்கள் டப்பாவில் இல்லை. பொருந்தாத ஒன்றைத் திணித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினால் பொய் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். என் கணக்குப்படி ஒன்றே போதும்.

பன்னிரண்டு என்று எழுதினேன். கவுண்டரில் உட்கார்ந்த பதின்மூன்று வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் எண். அந்த '2' வாத்து மாதிரி இல்லாமல் அடிபட்ட வாத்து மாதிரி வந்தது. மேடம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வித்தியாசத்தைக் கட்டியதும், அன்று மாலை ஆறு மணிக்கு நாற்பத்திரண்டு அங்குல டிவி எங்கள் லோரியில் தங்கவேலு வீட்டுக்குப் போனது.

திரும்பி வந்த சின்ன டிவியை வேறு யாருக்கோ விற்க எனக்கு மனம் வரவில்லை. வாங்குபவர் பன்னிரண்டு என்று நம்பி அல்லவா வாங்குவார்? பணியாளர் விலையில் நானே எடுத்துக்கொண்டேன். என் மனைவி பத்மா முதல் நாளே கேட்டாள்: "டிவி கடையில இருந்துகிட்டு பெருசா ஒண்ணு தூக்கிட்டு வரத் தெரியல?" பொட்டு வைக்கப் போனவள் ஏற்கனவே இருந்த சிவப்பைப் பார்த்து, "யாரு வச்சது இது?" என்றும் கேட்டாள்.

ஏழு மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வந்தது. கிள்ளானில் ஒரு கோயில் மண்டபம். மேடமும் நானும் போனோம். தங்கவேலு பட்டு வேட்டியோடு ஓடி வந்து எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனது என்று மேடம் கேட்டார்.

"அத ஏன் மேடம் கேக்குறீங்க? டிவியப் போடவே இல்ல. கமலா ரிமோட்ட அரிசி டின்ல ஒளிச்சு வச்சிட்டா. அந்த அத்தை வேர்க்குதுன்னு காத்தாடிக்குக் கீழ போயி உக்காந்தாங்க. டிவிக்கு முதுகக் காட்டிக்கிட்டு!"

மேடம் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

விடைபெறும்போது தாம்பூலப் பையைத் தங்கவேலு தன் கையாலேயே கொடுத்தார். "சார், வீட்டுக்குப் போய்தான் பிரிக்கணும்." நான் கோமுட்டர் ரயிலிலேயே பிரித்துவிட்டேன். வெற்றிலை இரண்டு, பாக்கு, லட்டு ஒன்று, கோயில் குங்குமப் பொட்டலம் ஒன்று. பொட்டலம் கனமாக இருந்தது. பிரித்தால் குங்குமத்துக்கு நடுவே ஒரு கறுப்புத் தலை ஸ்க்ரூ. கல்யாணத்துக்கு வீட்டைக் கழுவும்போது சோபாவை நகர்த்தியிருப்பார்கள்.

அன்றே முடுக்கியிருக்கலாம். என்னால் முடியவில்லை. படிவம் எப்போதோ தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதில் தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் பதினொன்றுதான். இப்போது ரகசியமாக முடுக்கினால், நான் தடயத்தை அழிப்பது போல ஆகாதா? பொட்டலத்தோடு மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்தேன். வாரம் ஒருமுறை டிவியைத் துடைக்கும்போது பதினொன்று எண்ணுவேன். "ஒத்த ஸ்க்ரூவ வச்சிக்கிட்டு கோயில் நகையாட்டம் பாதுகாக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பாள் பத்மா.

மேடம் ஓய்வு பெற்று மகளோடு வெளிநாடு போனார். கிள்ளான் கிளையைப் பிரிக்பீல்ட்ஸ் கடையோடு சேர்த்தார்கள். நானும் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. டிவி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் பத்மாவின் வருத்தம். பழுதானால் புதிது கேட்கலாம். பதினாறு வருடமாக அது பழுதாகவில்லை. இந்தச் சமயத்தில் அந்தப் பலகை வந்தது. அவள் ஒரே முறை படித்தாள். "கொண்டு போய்க் கொடுங்க. கண்ணு வலிக்குது."

போன செவ்வாய்க்கிழமை டிவியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் வரிசையில் மூன்று பேர். ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. என் முறை வந்ததும் கவிதா கையிலிருந்த பலகைக் கணினியைத் தட்டினார். மூன்றே கேள்வி. மின்சாரம் வருகிறதா, திரை உடையவில்லையே, ரிமோட் இருக்கிறதா. நாற்பது வினாடி.

"ஓகே அங்கிள், முடிஞ்சது. பெருசா எது வேணும்?"

"ஸ்க்ரூ எண்ணலையா?"

"யாரும் எண்றது இல்ல அங்கிள்."

"நான் ஏன் கொடுக்கிறேன்னு கேக்கலையா?"

"போர்டைப் பாக்கலையா? காரணம் வேணாம்."

"எண்ணும்மா. எனக்காக எண்ணு."

பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். கவிதா டிவியைத் திருப்பினார். நான் சொல்லாமலே மேலிருந்து கீழாக எண்ணினார், கீழிருந்து மேலாக எண்ணினார். பழக்கம் விடவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அங்கிள். பதினொண்ணு. உங்க வீட்டு டிவியில!"

நான் கண்ணாடிக் கூட்டைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். குங்குமம் கறுத்துப் போயிருந்தது. கவிதா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வரிசையை அடுத்த கவுண்டருக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் சிவப்பு நாற்காலி. கிள்ளானிலிருந்து வந்த சாமான்களோடு அதுவும் வந்திருக்கிறது. ஒரு காலில் கயிறு கட்டியிருந்தார்கள். டிவியை ஓடவிட்டு, எதிரே நாற்காலியைப் போட்டார்.

"டுடோக் டுலு லா, அங்கிள். டிவி ஓகே. எது ஓகே இல்ல?"

உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கவிதா மூன்று இடத்தில் சிரித்தார், ஓர் இடத்தில் சிரிக்கவில்லை. முடிந்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து நீட்டினார்.

இடது பக்கம், அடியில். குங்குமத்தை ஊதிவிட்டு வைத்தேன். நாலரைச் சுற்று. இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. கவிதா மேலிருந்து எண்ண, நான் கீழிருந்து எண்ணினேன். இருவரும் ஒரே நேரத்தில் முடித்தோம்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய பன்னிரண்டு, போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் பன்னிரண்டு ஆனது.